நான் விழுந்தது ரத்தம் குடுத்ததால இல்லீங்க

எண்பதுகளின் நடுவுல ஒரு தை மாசம். பொங்கல் முடிஞ்சு நாலஞ்சு நாள்தான் ஆகியிருக்கும். ஏற்காட்டுல, மஞ்சக்குட்டை போற ரோட்டை ஒட்டி இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டுல நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும் வேலை பார்த்துக்கிட்டிருந்தோம். எனக்கு அப்போ இருபத்தேழு வயசு. மூத்தவனுக்கு ஏழு, சின்னவளுக்கு நாலு. மிஷன் ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும் படிச்சிருந்ததால, எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற எங்க லைன் வீடுகள்ல யாருக்காவது உடம்பு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குத் துணையா என்னைத்தான் கூப்பிடுவாங்க. சீட்டுல எழுதியிருக்கிறதைப் படிச்சுச் சொல்லணும், டாக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை. அன்னைக்கும் அப்படித்தான் கிளம்பினேன்.

எங்க வீட்டுக்கு ஒட்டின வீட்டுல ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பொண்ணும் நானும் பழம் பறிக்கும்போது பக்கத்துப் பக்கத்து வரிசை. அவளுக்கு விடியக்காலையில வீட்டுலயே ரெண்டாவது பிரசவம் ஆச்சு. பொண்ணு. குழந்தை நல்லா அழுதுச்சு. தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. ரெண்டு சேலை நனைஞ்சு, மூணாவதும் நனைஞ்ச பிறகு எஸ்டேட் ஜீப்பை வரச் சொன்னாங்க.

ஜீப்புல அவ தலையை என் மடியில வெச்சுக்கிட்டேன். கூட வந்தது நாலு ஆம்பளைங்க. அவ புருஷன், புருஷனோட அண்ணன், சித்தப்பா மகன் ஒருத்தன், அப்புறம் எங்க மேஸ்திரி. மலை இறங்க இருபது வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் அவ உதடு கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துக்கிட்டே வந்துச்சு. பேசிக்கிட்டே இரு, பேசிக்கிட்டே இருன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அடிவாரம் வந்தப்போ பேச்சு நின்னுபோச்சு.

சேலத்துப் பெரியாஸ்பத்திரியில உடனே உள்ள கொண்டு போனாங்க. அரை மணி நேரத்துல ஒரு டாக்டரம்மா வெளிய வந்தாங்க. பொருந்தற ரத்தம் ஒரே ஒரு பாட்டில்தான் கையில இருக்கு, அதை ஏத்திக்கிட்டிருக்கோம், இன்னொரு பாட்டில் கண்டிப்பா வேணும், கூட வந்தவங்க எல்லாரும் போய் ரத்தத்தைச் சோதிக்கக் குடுங்கன்னு சொன்னாங்க. நாலு ஆம்பளைங்களையும் பார்த்துத்தான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். என்னைப் பார்க்கல.

அதுக்கப்புறம் நடந்ததை நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கல. சித்தப்பா மகன் டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனான். நான் பஸ் ஏறற வரைக்கும் அந்த டீ அவனுக்கு ஆறவே இல்ல. புருஷனோட அண்ணன் முதல்ல, சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சுன்னார். எந்த வயசுலன்னு கேட்டாங்க. அப்புறம் நிஜத்தைச் சொன்னார். ஒரு பாட்டில் ரத்தம் போனா அது திரும்ப ஊற வருஷக்கணக்கு ஆகுமாம், அவர் புள்ளகுட்டிக்காரராம். உள்ள படுத்திருந்தவளும் புள்ளகுட்டிக்காரிதான். அதை அவர்கிட்ட யாரும் சொல்லல.

மேஸ்திரி எப்படிப்பட்ட ஆளுன்னா, காப்பி மூட்டையை ஒத்தை ஆளா லாரியில ஏத்துவார். அவர் குரல் கேட்டா எதிர்ச் சரிவுல இருக்கிறவங்களுக்கும் கை வேகமா ஓடும். அவர் ரத்தம் எடுக்கிற ரூம் வாசல் வரைக்கும் வந்தார். உள்ள ஒருத்தர் கையில சொருகியிருந்த ஊசியைப் பார்த்தார். நெத்தி வேர்த்துப்போச்சு. வெளிய வேப்பமரத்தடியில போய் உக்காந்துட்டார்.

அவ புருஷன் ஒருத்தன்தான் கையை நீட்டினான். அப்போல்லாம் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து நீலக் கலர் தண்ணியில விடுவாங்க. மூழ்கினா ரத்தம் கெட்டியா இருக்குன்னு அர்த்தம், எடுக்கலாம். மிதந்தா எடுக்க மாட்டாங்க. அவன் சொட்டு மேலயே நின்னுச்சு. இன்னொரு விரல்ல குத்திப் பாருங்க சார், இந்த விரல் சரியில்லன்னு அழுதான். குத்திப் பார்த்தாங்க. அதுவும் மிதந்துச்சு.

நான் கையை நீட்டினேன்.

என் சொட்டு கல்லு மாதிரி அடிக்குப் போச்சு. குரூப்பும் அவளுக்குப் பொருந்திடுச்சு. கட்டில்ல போய்ப் படுக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள யாரோ சொல்லி, மேஸ்திரி மரத்தடியிலிருந்து ஓடி வந்தார். வாசல்லயே நின்னு, உள்ள பார்க்காம தலையைத் திருப்பிக்கிட்டுப் பேசினார்.

"ஏம்மா, உம் புருசன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம இப்படிப் பண்ணுனா, நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க மேஸ்திரி," அப்படின்னேன். "ரத்தம் என்னோடதுங்க."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்துல என்னோடதுன்னு நான் எதையும் சொன்னதில்ல. சேலைகூட வீட்டுல இருக்கறவங்க பார்த்து எடுத்துக் குடுத்ததுதான்.

கண்ணாடி பாட்டில் ஒண்ணு கட்டிலுக்குக் கீழ தொங்கிச்சு. ரப்பர் குழாய் என் மணிக்கட்டு மேல கிடந்துச்சு, அது வெதுவெதுன்னு இருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு செடியில பழம் பறிக்கிற நேரம். முடிஞ்சிருச்சும்மா, எழுந்திருக்க வேண்டாம், கொஞ்சம் படுங்கன்னு சொன்னாங்க. இவ்வளவுதானா, இதுக்கா அத்தனை பேர் ஓடினாங்கன்னு எனக்குச் சிரிப்பும் கோவமும் சேர்ந்து வந்துச்சு. டீயும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. அந்த ரத்தம் எடுத்த தம்பி, இன்னைக்கும் நாளைக்கும் பளு தூக்காதீங்கம்மா, வேளைக்கு நல்லா சாப்பிடுங்க, தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்லி அனுப்பினார். தலையாட்டினேன். அந்தப் பேச்சை ஒழுங்கா காதுல வாங்கியிருந்தா இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மத்தியானத்துக்கு மேல அவ கண் முழிச்சுட்டான்னு சொன்னாங்க. அவ புருஷன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, அக்கா, அக்கான்னு மட்டும் சொன்னான். நான் பஸ் ஏறினேன்.

எனக்கு முன்னாலயே மேஸ்திரி ஜீப்புல போய்ச் சேர்ந்துட்டார். செய்தியும்தான். பொழுது சாயற நேரம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சப்போ என் வீட்டுக்காரர் வாசப்படியில உக்காந்திருந்தார். என்கிட்ட கேக்கலை, அப்படின்னு ஒரே வார்த்தை. திரும்பத் திரும்ப அதே. கேக்கறதுக்கு நேரமில்லைன்னு சொன்னா, என்கிட்ட கேக்கலை. அவ செத்துப்போயிருப்பான்னு சொன்னா, என்கிட்ட கேக்கலை.

மாமியார் உள்ள இருந்து வந்தாங்க. அவங்களும் எஸ்டேட் வேலைக்குப் போறவங்க, அம்பது வயசுலயும் என்னைவிட வேகமா பழம் பறிப்பாங்க. அவங்க கவலை வேற.

"அவங்க ஊட்டுத் தண்ணிகூட நாம குடிக்கறதில்ல. நம்ம ரத்தத்த எப்படிடி குடுத்த?"

நான் பதிலுக்கு, குடிக்கறதில்லைங்கறது நம்ம தப்பு, அவ தப்பு இல்லைன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். பொம்பளைக்கு மாசாமாசம் போறது பத்தாதா, அடுப்பு வேலை யார் பார்க்கறது, காட்டு வேலை யார் பார்க்கறது, நாளைக்கு நீ படுத்துட்டா இந்தக் குழந்தைகளை யார் பார்க்கறதுன்னு ஆரம்பிச்சாங்க. ரத்தத்தையே தூக்கிக் குடுக்கிற மகராசிக்குக் களி எதுக்குன்னும் ஒரு வார்த்தை விழுந்துச்சு. கோவத்துல வந்த வார்த்தைதான். ஆனா எனக்கு வீம்பு. அந்த வீட்டுச் சோறை அன்னைக்கு ராத்திரி நான் தொடல. மறுநாள் காலையிலயும் தொடல. ஒரு டம்ளர் வரக்காப்பி குடிச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்.

அன்னைக்கு நான் வேலை பார்த்த மாதிரி என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. பழம் செக்கச்செவேல்னு பழுத்திருந்த நேரம். செடிக்குச் செடி எல்லாரும் என்னையே ஓரக்கண்ணால பார்க்கறாங்கன்னு தெரியும். பாருங்கடி, எனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு காட்டணும். மத்தியானம் கஞ்சிக்கு உக்காந்தப்போ ஒரு அக்கா தன் தூக்குல இருந்து குடுத்தாங்க. பசிக்கலைன்னுட்டேன். தண்ணி குடிக்கக்கூட நேரம் ஒதுக்கல.

சாயங்காலம் பறிச்ச பழத்தை மூட்டையாக் கட்டி, தலையில வெச்சு, மேட்டுல இருக்கிற நிறுக்கிற இடத்துக்குக் கொண்டு போகணும். நல்ல ஏத்தம். பாதி மூட்டையா ரெண்டு நடையாக் கொண்டு போம்மான்னு மேஸ்திரியே சொன்னார். அவர் சொன்னதாலயே நான் முழு மூட்டையாக் கட்டினேன்.

முக்கால்வாசி ஏறிட்டேன். மேல எல்லாரும் மூட்டையை இறக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாங்க. முதல்ல காதுல ஒரு இரைச்சல், அருவிக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி. அப்புறம் எதிர்ல இருந்த ஆளுங்க எல்லாம் ஓரத்துல இருந்து கறுத்துக்கிட்டே வந்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, கன்னத்துல மண்ணு ஒட்டியிருந்ததும், மூட்டை அவுந்து காப்பிப் பழம் அவ்வளவும் சரிவுல உருண்டு போய்க்கிட்டிருந்ததும்தான்.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா சண்டை போட்டிருப்பேன். பாவம், அப்படின்னாங்க. சொன்னா கேட்டாளா, ரத்தம் போன உடம்பு இல்லையான்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொன்னாங்க. என் மாமியார்தான் என்னைத் தூக்கி உக்கார வெச்சு முகத்துல தண்ணி தெளிச்சாங்க. அவங்க கண்ணு என் கண்ணைப் பார்த்துச்சு. நான் ஏன் விழுந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேருமே வாயைத் திறக்கல. வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு மூணு வேளை பட்டினின்னு ஊருக்கு முன்னால எப்படிச் சொல்றது? குடும்ப மானம் போயிடுமே. அதனால ரத்தத்து மேல பழி விழட்டும்னு விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

ஒரு வாரத்துல அந்தக் கதை மஞ்சக்குட்டைக்குப் போச்சு, அங்கிருந்து மாரமங்கலம் போச்சு. ஏற்காடு ஒண்டிக்கடை முக்குல நான் சாமான் வாங்கப் போனா, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள், நீதானே ரத்தம் குடுத்துட்டு ரத்தம் கக்கி விழுந்த பொண்ணுன்னு கேட்டார். கக்கினதும் சேர்ந்தாச்சு.

பெத்தவ, பின்னாலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன குழந்தையோட, இருபது நாள்ல திரும்பி வந்தா. நல்லா இருந்தா. அவ நல்லா இருக்கிறது யாருக்கும் கண்ணுல படல. நான் விழுந்தது மட்டும் நின்னுச்சு.

அதுகூடப் பரவாயில்ல. மாசி மாசம் மிளகு பறிப்பு. எங்க எஸ்டேட்டு ஆள் ஒருத்தர், சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு மிளகு பறிக்கையில ஏணி சறுக்கி விழுந்துட்டார். தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. அதே பெரியாஸ்பத்திரி. ஆபரேசனுக்கு ரத்தம் வேணும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி, நீங்க குடுங்க, அவருக்குப் பொருந்தறதை நாங்க தர்றோம்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. எங்க லைன்ல திடகாத்திரமான ஆம்பளைங்க நாப்பது பேருக்குக் குறையாம இருப்பாங்க. ஒருத்தர் போகல. அவர் பொஞ்சாதி வீடு வீடாப் போய் நின்னா. எல்லார் வீட்டுலயும் அவளுக்குக் கிடைச்ச பதில் ஒண்ணுதான். அந்தப் புள்ள விழுந்ததைப் பார்த்தியல்ல?

அந்தப் புள்ள நான்.

நான் போகலாம்னா, குடுத்து ஒரு மாசம்தான் ஆகுது. மூணு மாசம் ஆகாம எடுக்க மாட்டாங்க. என் வாசல்லயும் அவ வந்து நின்னா. என்னைக் கேக்கறதுக்கு வரல. ரத்தம் குடுத்தா நிஜமாவே அப்படி ஆகுமாக்கான்னு கேட்டா. தன் தம்பியைக் குடுக்கச் சொல்லலாமா வேண்டாமான்னு அவளுக்கு யோசனை. அப்பவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். உள்ள மாமியார் அடுப்புக்கிட்ட இருந்தாங்க. ஒண்ணும் ஆகாது, தைரியமாக் குடுக்கச் சொல்லுன்னு மட்டும் சொன்னேன். அப்ப நீ ஏன்க்கா விழுந்தேன்னா. நான் பேசாம நின்னேன். அவ போயிட்டா.

ஆபரேசன் ரெண்டு நாள் தள்ளிப்போச்சு. கடைசியில சேலத்துல யாரோ முகம் தெரியாத ஆள் குடுத்த ரத்தத்துல நடந்துச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த ரெண்டு நாள் அவர் பட்ட வலியில எனக்கும் பங்கு இருக்கு. யார் இல்லைன்னு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சித்திரை முடியப் போற நேரம், அவருக்கு எலும்பு சரியாச் சேரல, மறுபடி ஆபரேசன்னு தகவல் வந்துச்சு. காலையில வேலைக்குப் பேர் கூப்பிடற இடத்துல எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தோம். ரைட்டர், அதான் பேரேடு எழுதறவர், விஷயத்தைச் சொல்லி, யாராவது போறீங்களா, போறவங்களுக்கு இன்னைக்கு வேலைக்கு வந்ததாப் பேர் போட்டுடறேன்னு கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. பின்னால இருந்து ஒருத்தர், போன தையில போய்ட்டு வந்தவ கதிதான் தெரியுமேன்னார். நாலு பேர் ஆமாம்னாங்க.

என் மாமியார் எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்னாங்க. என் வீட்டுக்காரர் எதிர் வரிசையில. ரத்தம் குடுக்கையில வராத பயம் அப்ப வந்துச்சு.

"நான் விழுந்தது ரத்தம் குடுத்ததால இல்லீங்க," அப்படின்னேன். குரல் பத்தல. மறுபடியும் கத்திச் சொன்னேன். "மூணு வேளை சோறு திங்காம விழுந்தேன். ஊட்டுல சண்டை. வீம்புக்குப் பட்டினி கிடந்து, வீம்புக்கு மூட்டை தூக்குனேன். தூக்காதேன்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் விட்டாங்க. அதை உங்க யாருகிட்டயும் நான் சொல்லல. தப்பு என்னோடது, ரத்தத்தோடது இல்ல."

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போச்சு. நான் ரைட்டர்கிட்ட, என் பேரை எழுதிக்கோங்க, இப்பவே போறேன்னேன். நாளன்னைக்கு வந்து முழு மூட்டை உரம் தூக்கறேன், வேணுங்கறவங்க வந்து பார்த்துக்கோங்கன்னும் சொன்னேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரர்கிட்ட கேக்கலாமேன்னு ஒரு யோசனை வந்துச்சு. கேக்கல. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு மட்டும் போனேன்.

முதல்ல வந்து என் பக்கத்துல நின்னது பக்கத்து வீட்டுப் பொண்ணோட புருஷன். நாலு மாசமா முருங்கைக்கீரையும் ராகியுமாத் தின்னுக்கிட்டிருக்கேன்க்கா, இந்தத் தடவை மூழ்கும்னான். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஆள், மேஸ்திரி. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, எல்லாரையும் பார்த்து ஒரு முறை முறைச்சுட்டு ஜீப்புல ஏறி உக்காந்தார். கட்டில்ல படுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, என்கிட்ட, கையைப் பிடிச்சுக்கோ சாமின்னார். ஊர்ல யாருகிட்டயும் சொல்லிடாதேன்னார். இத்தனை வருஷம் சொல்லல. அவர் இப்போ இல்ல, அதனால எழுதறேன். அவர் கோவிச்சுக்க மாட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் சொட்டு மூழ்குச்சு. அவன் அந்த நீலத் தண்ணி டம்ளரைக் கையில வாங்கி வெச்சுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான்.

இந்தத் தடவை நான் அங்கயே சோறு சாப்பிட்டேன், தண்ணி குடிச்சேன், படுக்கச் சொன்ன நேரம் படுத்தேன். வீட்டுக்கு வந்தப்போ என் வீட்டுக்காரர் பேசல. ஊருக்கு முன்னால வீட்டு விஷயத்தை அவிழ்த்து விட்டேன்னு கோவம். பத்து நாள் பேசல. பேசட்டும்னு காத்திருந்தேன், மன்னிப்பு கேக்கல.

மாமியார் ஒரு வட்டில்ல களியும் கீரைக் குழம்பும் போட்டு என் முன்னால நகர்த்தி வெச்சாங்க.

"தின்னு. மறுபடி விழுந்து என் மானத்த வாங்காத."

தின்னேன். அவங்க நான் முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருந்தாங்க. இன்னொரு கரண்டி குழம்பும் ஊத்துனாங்க. ரத்தத்தைப் பத்தி அவங்க மனசு மாறுச்சான்னு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தண்ணியை அவங்க கடைசி வரைக்கும் குடிக்கல. ஆனா அதுக்கப்புறம் நான் ஒவ்வொரு தடவை சேலம் போய் வந்தப்பவும் அந்த வட்டில் தயாரா இருந்துச்சு.

சொன்ன மாதிரி மூணாம் நாள் உர மூட்டையைத் தூக்கினேன். அதே ஏத்தம். பார்க்கறதுக்கு ஒரு கூட்டமே நின்னுச்சு. மேல போய் இறக்கி வெச்சுட்டு, இன்னொண்ணு இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு. தூக்கல. புத்தி வந்திருந்துச்சே.

அதுக்குப் பிறகு ஊரே மாறிடுச்சுன்னு சொன்னா பொய். அடுத்த வருஷம் ரெண்டு பேர் வந்தாங்க, அதுக்கடுத்த வருஷம் அஞ்சு பேர். பயப்படறவங்க பயந்துக்கிட்டேதான் இருந்தாங்க. வயசு வரம்பு தாண்டற வரைக்கும் நான் குடுத்துக்கிட்டிருந்தேன். எத்தனை தடவைன்னு எண்ணி வெச்சுக்கல. இப்பவும் ரத்தம் குடுங்கன்னு யாரையாவது கேட்டா, சத்துப் போயிடும், வெயிட்டு போட்டுடும், வீட்டுல விடமாட்டாங்க, நாளைக்கு என் குடும்பத்துக்கே வேணும்னா என்ன பண்றதுன்னு அதே பதில்தான் வேற வேற வாயில வருது. படிச்சவங்க வாயிலயும் வருது. நான் ஒண்ணுக்கும் கோவப்படறதில்ல. உக்கார வெச்சுப் பேசறேன்.

எல்லாரும் நான் ரத்தம் குடுத்ததைத்தான் தைரியம்னு சொல்றாங்க. அதுக்குப் பத்து நிமிஷம் படுத்திருந்தாப் போதும். என் உடம்பைப் பத்தி நான் வாயைத் திறக்கலைன்னா ஊரு திறந்துக்கும், அதுக்கான விலையை ஏணியிலிருந்து விழுந்த வேற ஒரு மனுஷன் குடுப்பான்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் இந்த வயசுலயும் யார் கேட்டாலும், கூச்சப்படாம, நான் பட்டினியோட விழுந்த இடத்துல இருந்தே சொல்ல ஆரம்பிக்கிறேன்.